ஒரு பக்கத் தலையிடி: வலி நெற்றியில், வேலை நடப்பது மூளையின் அடியில்

"ஒரு பக்கம்தான் தலை இடிக்குது, அந்தப் பக்கக் கண்ணாலயும் மூக்காலயும் தண்ணி ஓடுது" என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், டொக்டரிடம் போக முன்னரே வீட்டில் முடிவு சொல்லிவிடுவார்கள். பீனிசம். ஆவி பிடி, நெற்றிக்குச் சித்தாலேப பூசு, இரண்டு பனடோல் போட்டுவிட்டுப் படு. கண் சிவந்திருந்தால் கண் டொக்டர். வலி மேல் தாடைக்கு இறங்கினால் பல் டொக்டர். இப்படிச் சுற்றித் திரிந்து, ஒரு பழுதும் இல்லாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

ஒரு பக்கமாக வரும் தலையிடிகளில் பெரும்பங்கு மைகிரேன்தான். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அதைவிட அரிதான ஒரு குடும்பத்தைப் பற்றியது. மருத்துவ நூல்களில் இதன் பெயர் ட்ரைஜெமினல் ஒட்டோனொமிக் செபலால்ஜியா. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. முகத்தின் வலி நரம்பும் கண்ணீரையும் மூக்குநீரையும் நடத்தும் தன்னாட்சி நரம்பும் ஒரே நேரத்தில் கிளம்பும் தலையிடிகள் என்பதுதான் பொருள்.

இந்தக் குடும்பத்தில் ஓரளவு பரவலானது கிளஸ்டர் தலையிடி. தமிழில் கொத்துத் தலையிடி என்று எழுதுகிறார்கள். சில கிழமைகள் அல்லது இரண்டு மூன்று மாதங்கள் கொத்தாக வந்து, பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், காணாமல் போய்விடும். வாழ்நாளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான கணிப்பு. யாழ் மாவட்டத்தின் சனத்தொகை ஆறு லட்சமளவில் என்பதால், அந்தக் கணக்கை அப்படியே போட்டால் இங்கேயே சில நூறு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பலர் இன்னும் பீனிசத்துக்குத்தான் மருந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கொத்துத் தலையிடியை ஒருமுறை நேரில் பார்த்தவர் மறக்க மாட்டார். வலி ஒரு கண்ணுக்குள்ளும் அதைச் சுற்றியும் பொட்டிலும் இருக்கும். ஒரு தாக்குதல் 15 நிமிடத்திலிருந்து 180 நிமிடம் வரை நீடிக்கலாம். இரண்டு நாளுக்கு ஒன்று என்பதிலிருந்து ஒரு நாளில் எட்டு வரை வரலாம். அதே பக்கத்துக் கண் சிவக்கும், நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தொங்கும், கண்மணி சுருங்கும், நெற்றி வியர்க்கும். மற்றப் பக்கத்தில் ஒன்றும் இராது. அப்புறம் இன்னொன்று: மைகிரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார், இவரால் படுக்கவே முடியாது. எழுந்து விறாந்தையில் நடப்பார், முற்றத்துக்கு இறங்குவார், சுவரில் தலையை முட்டுவார், நடுச்சாமத்தில் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுவார். பார்க்கிற வீட்டாருக்கு இது தலையிடி மாதிரித் தெரியாது. ஏதோ பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த அமைதியின்மையும் நோயின் ஒரு அடையாளம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கண்ணீர் எப்படி வருகிறது

முதலில் ஒரு அடிப்படை விஷயம். மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும்தான் உண்டு. நெற்றி, கண், மூளையுறையின் பெரும்பகுதி ஆகியவற்றின் வலியை எடுத்துச் செல்வது ஐந்தாவது மண்டை நரம்பு. மூன்று கிளையாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்பார்கள். இந்தத் தலையிடிகளில் பெரும்பாலும் சம்பந்தப்படுவது கண்ணுக்கும் நெற்றிக்கும் வரும் முதலாவது கிளை.

இந்த நரம்பு கொண்டுவரும் சேதி மூளைத்தண்டிலும் மேல் கழுத்துத் தண்டுவடத்திலும் உள்ள ஒரு கருவில், அதாவது நரம்புக் கலங்களின் கூட்டத்தில், இறங்குகிறது. அங்கிருந்து ஒரு பாதை மேலே போய் வலியாக உணரப்படுகிறது. இன்னொரு பாதை, மூளைத்தண்டுக்குள்ளேயே, பக்கத்திலிருக்கும் வேறொரு கருவைத் தட்டுகிறது. அது பரபரிவு நரம்புகளின் கரு. தன்னாட்சி நரம்புகளில் கண்ணீரையும் மூக்குநீரையும் சுரக்கவைக்கும் பிரிவு அது. அதன் இழைகள் முக நரம்போடு வெளியே வந்து, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் ஒரு சிறிய நரம்புத் திரட்டில் ஆள்மாறி, கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்குச் சவ்வுக்கும் போகின்றன. கண்ணில் தூசு விழுந்தால் கண்ணீர் வருவது இதே தெறிவினையால்தான். நம் எல்லோருக்கும் இருக்கிற, நமக்குத் தேவையான ஒன்று.

இமை தொங்குவதும் கண்மணி சுருங்குவதும் இதற்குள் அடங்காது. அவை தன்னாட்சி நரம்புகளின் மற்றப் பிரிவான பரிவு நரம்பு சார்ந்தவை. கழுத்து நாடியைச் சுற்றி மேலே ஏறிவரும் பரிவு இழைகள், தாக்குதலின்போது வீங்கிய இரத்தக் குழாயால் நசுக்கப்படுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆகவே, மூக்கு ஒழுகினாலும் நோய் மூக்கில் இல்லை. தெறிவினையின் கடைசிப் படிதான் மூக்கு. சரி, கண்ணில் தூசும் விழவில்லை, ஒரு புண்ணும் இல்லை, அப்படியிருக்க இந்தத் தெறிவினையை இரவு இரண்டு மணிக்கு யார் தட்டி எழுப்புகிறார்கள்? இந்த நோயின் சுவாரசியம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மணிக்கூடு பார்த்து வரும் வலி

கொத்துத் தலையிடிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விஷயம் நேரம். படுத்து ஒன்று ஒன்றரை மணித்தியாலத்தில் வலி வந்து எழுப்பிவிடும். நாளைக்கும் அதே நேரம். நாளன்றைக்கும் அதே நேரம். 2023ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேரளவில் இப்படி நாளாந்த ஒழுங்கு இருப்பதாகவும், நள்ளிரவை ஒட்டிய நேரமே உச்சம் என்றும் காட்டியது. வருடத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு. பலருக்கு ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் கொத்து தொடங்கும்.

இங்கே ஒரு இடைச்செருகல். மேலைநாட்டு நூல்கள் வசந்தத்தையும் இலையுதிர் காலத்தையும் சொல்லும். அந்த நாடுகளில் பகலின் நீளம் மாதத்துக்கு மாதம் வெகுவாக மாறும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைகூட வடக்கே இல்லை. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டிய வித்தியாசம்தான். அதனால் அந்தக் கணக்கை இங்கே தூக்கிவந்து பொருத்துவதைவிட, அவரவர் கலண்டரில் அவரவர் கொத்து எந்த மாதத்தில் விழுகிறது என்று குறித்து வைப்பது பயனுள்ளது.

நேரம் தவறாமல் ஏதாவது நடந்தால் மருத்துவர்களின் சந்தேகம் போகும் இடம் ஹைப்போதலமஸ். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரிவகக்கீழ் என்று படித்திருப்போம். மூளையின் அடிப்பக்கத்தில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், நான்கு கிராம் அளவிலான ஒரு சிறு பகுதி. பசி, உடல் வெப்பம், உறக்கம், ஓமோன்கள் எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் நாளாந்தக் கடிகாரம் இருக்கிறது. விழித்திரையிலிருந்து நேரே வெளிச்சத்தின் சேதி வந்து அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. கொத்து நடக்கும் காலத்தில் நோயாளிகளின் இரவு நேர மெலட்டோனின் (உறக்கத்தோடு தொடர்புள்ள ஓமோன்) அளவு குறைந்திருப்பதைப் பழைய ஆய்வுகளே காட்டியிருந்தன. ஆனால் அவை எல்லாம் மறைமுகமான தடயங்கள். உயிரோடு இருக்கிற ஒருவரின் மூளையில், வலிக்கிற அந்தக் கணத்திலேயே, பார்க்க வேண்டியிருந்தது.

1998ல் பார்த்தது

ஜெர்மானியரான ஆர்னே மேயும் பீற்றர் கோட்ஸ்பியும் சக ஆய்வாளர்களும் லண்டனில் செய்த ஆய்வு 1998ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் பயன்படுத்தியது பெட் ஸ்கான். கதிர்வீச்சுள்ள ஒக்சிஜன் சேர்ந்த நீரை மிகச் சிறிய அளவில் நாளத்தில் ஏற்றுவார்கள். மூளையில் எந்த இடம் கூடுதலாக வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு இரத்தம் கூடப் போகும், இரத்தத்தோடு அந்த நீரும் போகும், ஸ்கான் அதைப் பிடிக்கும். அந்த ஒக்சிஜனின் அரைவாழ்வு இரண்டு நிமிடமளவில்தான். அதனால் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் எடுக்கலாம். வலியில்லாதபோது எடுத்ததை வலிக்கும்போது எடுத்ததிலிருந்து கழித்தால், வலியின்போது மட்டும் கூடுதலாக வேலை செய்த இடங்கள் மிஞ்சும். பத்திரிகைகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்கிற பொட்டுகள் அந்தக் கழித்தல் கணக்கின் விடைதான். மூளை அப்படி ஒளிர்வதில்லை.

சிக்கல் என்னவென்றால் தாக்குதல் நம் வசதிக்கு வராது. ஸ்கான் இயந்திரத்துக்குள் ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு வலி வரும் வரை காத்திருக்க முடியுமா? அதற்கு நைட்ரோகிளிசரின் உதவியது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் கீழ் வைக்கும் குளிசையில் இருப்பதும் அதே மருந்துதான். கொத்து நடக்கும் காலத்தில் கொடுத்தால் அது ஒரு மணித்தியாலத்துக்குள் உண்மையான தாக்குதலைக் கிளப்பிவிடும். கொத்து ஓய்ந்த காலத்தில் கொடுத்தால் கிளப்பாது. இந்தப் பேதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மதுவும் இதே மாதிரித்தான். கொத்து நடக்கும் மாதத்தில் கள்ளோ பியரோ குடித்தால் பலருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் வலி வரும். மற்ற மாதங்களில் ஒன்றும் ஆகாது.

நாட்பட்ட, அதாவது நீண்ட இடைவெளி விடாமல் வரும், கொத்துத் தலையிடி உள்ள ஒன்பது பேரை இப்படி ஸ்கான் எடுத்தார்கள். எந்த வலியிலும் வேலை செய்யும் இடங்கள் எதிர்பார்த்தபடி தெரிந்தன. பல்லு வலித்தாலும் கை சுட்டாலும் அவை தெரியும். அவற்றோடு கூடுதலாக, வலிக்கிற அதே பக்கத்தில், ஹைப்போதலமஸின் அடிப்பகுதியில் ஒரு பொட்டு.

இதை வலியின் விளைவு என்று ஒதுக்க முடியுமா? கடுமையாக வலித்தால் எவருக்கும் ஹைப்போதலமஸ் கிளர்ந்தெழலாமே? அதே குழு இதற்கும் ஒரு சோதனை செய்தது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசினை, தலையிடி நோய் இல்லாதவர்களின் நெற்றித் தோலில் ஊசியால் ஏற்றினார்கள். மிளகாய்த்தூளோடு புழங்குகிற நமக்கு அந்த எரிவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வலி அதே முக்கிளை நரம்பின் அதே கிளை வழியாகத்தான் போனது. ஆனால் ஹைப்போதலமஸில் அந்தப் பொட்டு வரவில்லை. ஆகவே நெற்றி வலி என்பதால் மட்டும் அந்த இடம் கிளர்வதில்லை, இந்த நோயில் அதற்குத் தனிப் பங்கு இருக்கிறது என்ற முடிவு வலுப்பெற்றது. இந்த மிளகாய்ச் சோதனை இல்லாவிட்டால் லான்செட் படத்துக்குப் பாதி மதிப்புக்கூட இருந்திராது என்பது என் அபிப்பிராயம்.

குடும்பத்தின் மற்றவர்கள்

நோர்வே நாட்டு நரம்பியலாளர் ஒட்டார் ஷாஸ்டாட் இந்தத் துறையில் மறக்கக்கூடாத பெயர். 1974ல் பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியாவை விவரித்தவர்களில் அவர் ஒருவர். கொத்துத் தலையிடி போலவேதான், ஆனால் தாக்குதல் 2 முதல் 30 நிமிடம் வரைதான் நீடிக்கும். எண்ணிக்கை மிக அதிகம், பெரும்பாலும் நாளைக்கு ஐந்துக்கு மேல். 1984ல் ஹெமிக்ரேனியா கொன்டினுவாவை விவரித்ததிலும் அவர் பெயர் உண்டு. இது விடாமல், மாதக்கணக்கில், ஒரே பக்கத்தில் மந்தமாக இருந்துகொண்டே இடையிடையே கூர்மையாகும் வலி. மூன்றாவது சன்க்ட் எனப்படுவது. ஒரு நொடி முதல் பத்து நிமிடம் வரையான குத்தல்கள், ஒரே நாளில் பல தடவை, கூடவே கண் சிவந்து நீர் கொட்டும். பல் தீட்டினால், முகம் கழுவினால், சாப்பாட்டை மென்றால்கூடக் கிளம்பும்.

நீண்டதும் குறுகியதுமான இந்த வலிகளுக்கு ஒரே குடும்பம் என்று பெயர் வைத்தது முதலில் அறிகுறிகளைப் பார்த்துத்தான். ஸ்கான்கள் அதற்கு உள்ளிருந்து சாட்சி சொல்லின. சன்க்ட் தாக்குதலின்போதும் ஹைப்போதலமஸ் பகுதி. பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியாவிலும் ஹைப்போதலமஸின் பின்பகுதி, ஆனால் வலிக்கு எதிர்ப் பக்கத்தில்.

ஹெமிக்ரேனியா கொன்டினுவாவைப் பற்றிய ஆய்வு எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது. மைகிரேனில் 1995லேயே வேறு ஒரு இடம் அடையாளம் காணப்பட்டிருந்தது. அது மூளைத்தண்டில், பொன்ஸ் என்ற பகுதியின் மேல் முதுகுப்புறம். ஹெமிக்ரேனியா கொன்டினுவா வந்தவர்களைப் பார்த்தால் நோயும் இரண்டுங்கெட்டானாக இருக்கும். கொத்துத் தலையிடி மாதிரிக் கண்ணீர், மூக்கடைப்பு. கூடவே மைகிரேன் மாதிரி வெளிச்சம் பிடிக்காமை, குமட்டல். 2004ல் மஞ்சித் மாதாருவும் கோட்ஸ்பியும் சகாக்களும் வெளியிட்ட ஸ்கானில் இரண்டு இடமும் சேர்ந்தே தெரிந்தன. வலிக்கு எதிர்ப்பக்க ஹைப்போதலமஸின் பின்பகுதி, வலிக்கிற பக்கத்துப் பொன்ஸ். நோயாளியின் வாயிலிருந்து கேட்ட கதையும் ஸ்கானில் கண்ட படமும் இவ்வளவு ஒத்துப்போவது தலையிடி ஆய்வில் அடிக்கடி நடப்பதில்லை.

அப்படியானால் குற்றவாளி பிடிபட்டதா?

பிடிபட்டது என்று சொல்லத்தான் ஆசை. 1998க்குப் பிறகு சில வருடங்கள் அப்படித்தான் பேசினார்கள். அடுத்த வருடமே, அதே இடத்தில் சாம்பல் நிறத் திசு கூடுதலாக இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஆய்வு ஒன்று வந்தது. பிறகு வந்தவை எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை. பெட் ஸ்கானின் கூர்மையும் குறைவுதான். அந்தப் பொட்டு ஹைப்போதலமஸுக்குள் இருக்கிறதா, சற்றுப் பின்னால் நடுமூளையின் விளிம்பில் இருக்கிறதா என்று வாதாடுபவர்கள் உண்டு. ஒரு சில மில்லிமீற்றர் விவகாரம். ஆனால் அந்த இடத்தில் ஒரு சில மில்லிமீற்றர் என்றால் வேறு ஊர்.

மையம் உள்ளேதான் என்பதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் சான்று வந்தது. ஒருவருக்கு வலி தாங்காமல் முக்கிளை நரம்பின் வேரை அறுவை செய்து முழுதாக அறுத்துவிட்டார்கள். முகத்தின் அந்தப் பக்கம் மரத்துப்போனது. ஆனால் தாக்குதல் நிற்கவில்லை. 2002ல் பிரசுரமான இந்த ஒரு நோயாளியின் கதை பல ஸ்கான்களைவிட எனக்கு அழுத்தமாகப் படுகிறது. வெளியிலிருந்து சேதி வரும் கம்பியே இல்லாதபோதும் வலி வருகிறது என்றால், அது உள்ளே உருவாக முடியும்.

அந்த நம்பிக்கையில்தான் இத்தாலியின் மிலான் நகரில் மாசிமோ லியோனேயும் சக மருத்துவர்களும் ஹைப்போதலமஸின் பின்பகுதிக்குள் மெல்லிய மின்முனையைச் செலுத்தி, இடைவிடாது மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். 2001ல் முடிவு வெளியானது. எந்த மருந்துக்கும் அடங்காத நோயாளிக்குத் தாக்குதல் நின்றது. பிறகு மற்ற நாடுகளிலும் செய்தார்கள். பாதிப்பேருக்கு மேல் பயன் கண்டார்கள். ஆனால் மூளைக்குள் இரத்தம் கசிந்து ஒருவர் இறந்தும் போனார். இதில் கவனிக்க வேண்டியது நேரம். மின்சாரம் போட்ட உடனே வலி நிற்பதில்லை. பயன் தெரியக் கிழமைகள் ஆகும். நடந்துகொண்டிருக்கும் தாக்குதலின் நடுவே போட்டாலும் அது நிற்காது. அந்த இடம் வலியை உற்பத்தி செய்யும் யந்திரமாக இருந்திருந்தால் இப்படி நடக்க முடியாது.

தோட்டத்தில் தண்ணி இறைக்கும்போது ஒருவர் மண்வெட்டியோடு நின்று வரம்பை வெட்டித் தண்ணி மாறுவாரே, ஹைப்போதலமஸை அவராக நினைத்துப் பார்க்கலாம். தண்ணீர் அவருடையதல்ல, கிணற்றிலிருந்து வருவது. எந்தப் பாத்திக்கு எப்போது போக வேண்டும் என்பதுதான் அவர் கையில். அவர் வரம்பைத் திறந்து வைத்த காலத்தில் சின்னச் சின்னக் காரணமெல்லாம், கொஞ்சம் கள்ளு, ஒரு நைட்ரோகிளிசரின் குளிசை, பகல் தூக்கம், தண்ணீரைப் பாயவிடும். மூடி வைத்த காலத்தில் அதே கள்ளால் ஒன்றும் ஆகாது. முன்னே மனதில் வைக்கச் சொன்ன பேதத்துக்கு இதுதான் விளக்கம். கொத்து என்ற காலத்தைத் திறப்பதும் மூடுவதும் ஹைப்போதலமஸ் என்று கருதலாம். ஒவ்வொரு தாக்குதலும் நடப்பது முக்கிளை நரம்பும் பரபரிவுத் தெறிவினையும் சேர்ந்த பாதையில்.

சன்க்டில் கதை இன்னும் கலங்கலானது. அந்த நோயாளிகளில் பலருக்கு, வலிக்கும் பக்கத்து முக்கிளை நரம்பின் வேரில் ஒரு இரத்தக் குழாய் அழுத்துவதை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. ஆகவே உள்ளேயா வெளியேயா என்று கட்சி பிரிந்து சண்டை பிடிப்பதில் பெரிய அர்த்தம் இல்லை.

மருந்து ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது

சாதாரண வலி மருந்து இங்கே எடுபடாததற்குக் காரணம் பெரும்பாலும் நேரம். பனடோல் வயிற்றில் கரைந்து வேலை தொடங்குமுன் தாக்குதல் உச்சத்துக்குப் போய்விடும். கொத்துத் தலையிடிக்கு உடனடியாகப் பயன்படுபவை இரண்டு. ஒன்று, தோலின் கீழ் ஏற்றும் சுமாட்ரிப்டான் ஊசி, 6 மில்லிகிராம். இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மற்றது வெறும் ஒக்சிஜன்.

ஒக்சிஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கொடுக்கும் முறையில்தான் எல்லாம் கெடுகிறது. 2009ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், 15 நிமிடத்தில் வலி தீர்ந்த அல்லது போதிய அளவு குறைந்த தாக்குதல்கள் ஒக்சிஜனில் 78 சதவீதம், வெறும் காற்றில் 20 சதவீதம். ஆனால் அது நிமிடத்துக்கு 12 லீற்றர், பை பொருத்திய, வெளிக்காற்றுக் கலக்காத முகமூடியால் கொடுத்தது. மூக்கில் குழாய் வைத்து இரண்டு லீற்றர் ஓடவிட்டால் பயன் இராது. "ஒக்சிஜனும் தந்து பார்த்தாச்சு, சரிவரேல்லை" என்று சொல்பவரிடம் எப்படித் தந்தார்கள் என்று கேட்பது நல்லது. விலங்குகளில் செய்த சோதனைகளின்படி ஒக்சிஜன் வலி நரம்பை நேரடியாக அடக்குவதில்லை, கண்ணீரை ஓட்டும் அந்தப் பரபரிவுப் பாதையைத்தான் அடக்குகிறது. இந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் அதிகம் என்பதால் இன்னொன்றும்: ஒக்சிஜன் சிலிண்டர் இருக்கிற அறையில் நெருப்புக்குச்சி கிழிக்கவே கூடாது.

தாக்குதல் வராமல் தடுக்கப் பெரும்பாலும் முதலில் வெரபமில் கொடுப்பார்கள். அது இரத்த அழுத்தத்துக்கான மருந்து, இங்கே அளவு கூடுதலாகப் போவதால் இடையிடையே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். லித்தியமும் சிலருக்கு உதவும். சன்க்டுக்கு லமோட்ரிஜின்.

பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியாவும் ஹெமிக்ரேனியா கொன்டினுவாவும் மட்டும் இன்டோமெதசின் என்ற பழைய மருந்துக்கு முழுமையாக அடங்கும். அடங்காவிட்டால் நோயின் பெயரையே மாற்ற வேண்டும் என்னும் அளவுக்கு அது விதி. அதே வகையைச் சேர்ந்த ஐபுபுரூபன் போன்றவை அப்படிக் கேட்பதில்லை. இதைப் படித்துவிட்டு நேரே பார்மசிக்குப் போய் வாங்கிப் போடாதீர்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடிய மருந்து அது, வயிற்றைக் காக்கும் இன்னொரு குளிசையோடு, அளவைப் படிப்படியாகக் கூட்டித்தான் டொக்டர் தருவார்.

டொக்டரிடம் போகும்போது

ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் உங்கள் முறை வரும்போது வலி இருக்காது, கண்ணும் தெளிந்திருக்கும். வரிசையில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். தாக்குதலின்போது முகத்தை வீட்டிலுள்ள ஒருவர் போனில் வீடியோ எடுத்து வைப்பது பெரிய உதவி. ஒரு கொப்பியில் வந்த நேரம், நின்ற நேரம், எந்தப் பக்கம் என்று இரண்டு கிழமைக்கு எழுதினால், மேலே சொன்ன நால்வரில் யார் என்பது பெரும்பாலும் அந்தக் கொப்பியிலேயே தெரிந்துவிடும். 20 நிமிடமா 90 நிமிடமா என்பது இங்கே சின்ன விஷயமல்ல, மருந்தே அதில்தான் மாறுகிறது.

முதன்முறை இப்படி வந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம், தட்டிக்கழிக்கவும் வேண்டாம். ஹைப்போதலமஸுக்கு நேர் கீழே தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி இருந்தால் அதுவும் இதே வேடத்தில் வரும். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் நோயின் அந்தப் பொட்டு தெரியாது. அதைத் தேடி எடுப்பதும் அல்ல. வேறொன்று இல்லை என்று உறுதிப்படுத்தத்தான்.

கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண்ணழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். அன்றைக்கே கண் பிரிவுக்குப் போக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் வலி வந்து, மெல்லும்போது தாடை நொந்தால் இரத்தக் குழாய் அழற்சியைச் சந்தேகிப்பார்கள், தாமதித்தால் பார்வை போகலாம். இடி விழுந்தாற்போல ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் தலையிடிக்குக் கொப்பி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, 1990 என்ற இலங்கை அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஏறுங்கள்.